முதல் கசிவுக்குப் பின்

குளியலறையில் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் பள்ளிக்கூட டீச்சர், கணவன் லிஃப்ட் மெக்கானிக். எங்காவது குழாய் சொட்டினால்கூட தூக்கத்திலிருந்து எழுந்துவந்து முடுக்கிவிட்டுப் படுக்கிறவன். மழை மூட்டத்தில் மதியமே மங்கிப்போயிருந்த அந்த நாலாம் மாடி வீட்டில், தண்ணீர் தரையில் சளசளவென்று பரவும் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. கதவுக்கு அடியிலிருந்து சோப்பு வாசனையோடு ஈரம் மெல்ல நீண்டு அவள் கால்விரலைத் தொட்டது.

கதவைத் தள்ளினாள். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"என்னங்க! என்ன ஆச்சு?"

"இடது பக்கம் சுருக்குனு ஒரு குத்து. கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. அவ்ளோதான்."

ஆம்புலன்சுக்குப் போன் செய்தபோது அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. போன மாதம் டாக்டரம்மா விளக்கியிருந்தார். கல்லீரல் கெட்டிப்பட்டுவிட்டது, அதற்குள் போகவேண்டிய ரத்தம் வழியில்லாமல் பின்னால் தேங்கி அழுத்துகிறது, அந்த அழுத்தத்தில் மண்ணீரல் வீங்கிவிட்டது, அதற்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் ஓட்டம் எகிறி, ஓரிடத்தில் சுவர் மெலிந்து பலூன்போலப் புடைத்திருக்கிறது. அடுத்த மாதம் அந்தப் புடைப்பை அடைத்துவிடலாம் என்றார். அவன் முன்னால் நடந்துபோன பிறகு, வாசலில் அவள் கையைப் பிடித்துச் சொன்னார்:

"ஒருவேளை அது வெடிச்சா, முதல்ல ரத்தம் இரைப்பைக்குப் பின்னாடி ஒரு சின்ன இடத்துல தேங்கி நிக்கும். மயக்கம் தெளிஞ்சு, நல்லாயிட்டேன்னு எழுந்து நடப்பாரு. நம்பாதீங்கம்மா. அந்த இடம் தாங்குற வரைக்கும்தான் அது. அப்புறம் வயிறு பூரா ரத்தம் கொட்டிடும்."

இப்போது அவன் எழுந்துவிட்டான். குழாயை மூடினான். முகத்தில் ரத்தம் ஊறி வந்தது. கண்ணாடி முன் நின்று தலை சீவினான், சட்டை மாற்றினான். ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தான். பாடி எத்தனை மாதமாயிற்று!

"ஏன் டீச்சர், பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? வயித்து வலி போன இடம் தெரியல. பசிக்குது."

"படுங்க. அசையாதீங்க."

அவன் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தான். ஆரோக்கியமான, வயிறு குலுங்கும் சிரிப்பு. அவன் அழுதிருந்தால் தாங்கியிருப்பாள்.

கீழே சைரன் கேட்டது. தலையணைக்கடியிலிருந்து அவனுடைய ஸ்கேன் படங்களை எடுக்க உள்ளே போனாள். திரும்பியபோது நாற்காலி காலி. வாசற்கதவு திறந்து கிடந்தது.

நடைபாதைக் கோடியில், லிஃப்டுக்குள் நின்று கையசைத்தான்.

"அவங்க ஸ்ட்ரெச்சர் இதுக்குள்ள நுழையாது. எனக்குத் தெரியாதா? வா, நாமளே இறங்கிடலாம்."

ஓடிப்போய் உள்ளே நுழைந்தாள். கதவு மூடியது. கிரீஸ் வாடை. கம்பி வடம் முனகியது.

"கேக்குதா? எண்ணெய் போட்டு வருஷக்கணக்காச்சு. நாளைக்கு நானே வந்து..."

நிறுத்தினான்.

"நாளைக்கு?" என்றாள்.

கதவுக்கு மேலே மாடி எண் மாறியது. மூன்று. அவன் கண்கள் அவளைப் பார்த்தபடி இருந்தன. இரண்டு. சட்டையின் நடுப்பொத்தான் இறுகியது. துணி விறைத்தது. அவன் கையைப் பற்றினாள். ஈரம். பனிக்கட்டி.

"என்னங்க."

ஒன்று.

வாய் அசைந்தது. குரல் வரவில்லை.

கீழ்த்தளம். கதவு திறந்தது. அவன் முதுகு சுவரோடு வழுக்கி இறங்கியது. கால்கள் வாசலுக்கு வெளியே நீண்டன. வராந்தாவின் மறுகோடியிலிருந்து இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்கள்.

"அம்மா, அவரை நகர்த்தாதீங்க!"

கதவு மூட வந்தது. அவன் கணுக்காலில் மோதியது. திறந்தது. மறுபடி வந்து மோதியது. ஒவ்வொரு மோதலுக்கும் அவன் தலை மெல்ல ஆடியது. சீவிய தலை கலையவில்லை. கண்கள் திறந்தே இருந்தன.

கதவு மறுபடி வந்தது.