ஒரே ஒருவருக்கு

தலையணை உறையில் படிந்த ரத்தக் கறையை எப்படிப் போக்குவது என்று அவள் யாரையும் கேட்கவில்லை. எங்கும் தேடவும் இல்லை. ஆனாலும் அந்தத் திங்கட்கிழமைக் காலை திரட்டியைத் திறந்தபோது முதல் வரிசையில் அந்தப் பக்கம்தான் இருந்தது. மேலே சிறிய எழுத்தில், 'உங்களுக்காகக் கண்டெடுத்தது.'

திரட்டி புதிதாக வந்திருந்த இணையக் கருவி. எதைப் படித்தாலும் மூலையில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் போதும். அந்தப் பக்கம் அவளுடைய தொகுப்பில் சேர்ந்து, அவளைப் பின்தொடரும் அத்தனை பேருக்கும் போய்விடும். நாளாக ஆக, அவளுக்கு வேண்டியதை அதுவே தேடிக் கொண்டுவந்து வைக்கவும் பழகிக்கொண்டது. வீட்டிலிருந்தபடியே மருத்துவர்களின் குரல்பதிவுகளைத் தட்டச்சு செய்கிற வேலை அவளுக்கு. காதுக்குள் எந்நேரமும் யாரோ ஒருவருடைய முறிந்த எலும்பு. அதிலும் ஒரு மருத்துவர் எதையாவது மென்றுகொண்டேதான் பேசுவார். அவர் விழுங்கி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளிகளில் திரட்டி. மகளின் வகுப்புத் தாய்மார்கள் முப்பத்தொரு பேர் அவளைப் பின்தொடர்ந்தார்கள். "எங்கேருந்துதான் பிடிக்கிறீங்களோ" என்று யாராவது எழுதினால் அவளுக்குக் கழுத்தின் பின்புறம் இதமாகச் சூடேறும். இதை அவள் கணவனிடம்கூடச் சொன்னதில்லை.

கறைப் பக்கத்தையும் பகிர்ந்தாள். சாயங்காலம் இரட்டையர்களின் அம்மாவிடமிருந்து செய்தி. "சின்னவனுக்கு மூக்குல ரத்தம் கொட்டிடுச்சு. நல்ல வேளை, நீங்க போட்டதைப் படிச்சிருந்தேன். கை நடுங்கவே இல்ல. யாரோ பின்னாடி நின்னு சொல்லச் சொல்லச் செஞ்ச மாதிரி இருந்துச்சு."

புதன்கிழமை, கொதிநீர் பட்ட தோலுக்கு முதலுதவி. பகிர்ந்தாள். விளக்கு வைப்பதற்குள் தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு தாய் நன்றி எழுதியிருந்தாள். கூடவே வாயைப் பொத்திச் சிரிக்கும் பொம்மைப் படம் ஒன்று. "உங்களுக்கு எப்படித்தான் மூக்கு வியர்க்குதோ."

வெள்ளிக்கிழமை, கதவிடுக்கில் நசுங்கிய விரல். அன்று வேலை மலையாகக் குவிந்திருந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தலைப்பைப் படித்ததோடு விட்டுவிட்டாள். நான்கு மணிக்குப் பள்ளியிலிருந்து வந்த மகள், வீட்டில் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர், குளியலறைக் கதவில் சுட்டுவிரலைக் கொடுத்து வீறிட்டாள்.

அவள் பதறவில்லை. அதுதான் அவளைப் பிறகு வெகுநேரம் உறுத்தியது. பக்கத்தைத் திறக்கவே இல்லை. ஆனாலும் முதலில் என்ன, அடுத்து என்ன என்று கைகளுக்குத் தெரிந்திருந்தது. குழந்தையின் அழுகை பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிபோல எங்கோ கேட்டது. கட்டுப் போட்டு முடித்து, மகளைத் தூங்கவைத்த பிறகுதான் குளியலறைத் தரையில் உட்கார்ந்து கணவனை அழைத்தாள்.

கணவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். வாரத்தில் பாதி நாள் வெளியூர்.

"அதுல வர்றதெல்லாம் நடக்குதுங்க."

"ஊரெல்லாம் பிள்ளைங்க. எங்கேயாவது ஒண்ணுக்கு விரல் நசுங்கிட்டேதான் இருக்கும்."

"பகிர்ந்ததெல்லாம் அவங்க வீட்டுல நடந்துச்சு. பகிராம வச்சது நம்ம வீட்டுல."

"அப்ப ஒண்ணு விடாம பகிர்ந்துடு" என்று சிரித்தான். "ஊருக்கு அனுப்பிட்டு நாம நிம்மதியா இருப்போம். சரி, உள்ள இறங்கப் போறேன். சிக்னல் போயிடும்."

திரட்டியை அழித்தாள். மறுநாள் காலை அது பழைய இடத்திலேயே இருந்தது, ஒரு புதிய பக்கத்தோடு. இடம் மாறிய தோள்மூட்டு.

பகிர்ந்தாள்.

அதற்குப் பிறகு ஒன்றையும் விடவில்லை. காலையில் பல் துலக்குமுன் திரட்டி, பகிர்வு, அதன்பின்தான் பெருமூச்சு. வருவது ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் கனத்தது. உடைந்த முன்பல். நாய்க்கடி. நெற்றியில் தையல். மாலையில் நன்றிகள் வந்தன. பின்தொடர்பவர்கள் இருநூறைத் தாண்டினார்கள். எப்படியும் நடக்கப்போவதுதானே, தெரிந்துவைத்துக்கொள்ளட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஏறக்குறைய நம்பவும் செய்தாள். கழுத்தின் பின்புறத்து இளஞ்சூடு மட்டும் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை திரட்டி வெறுமையாக இருந்தது. மதியம் ஒன்றரை மணிக்கு மழை பிடித்தது. அறை சட்டென்று இருண்டு, காயாத துணிகளின் புழுங்கல் வாடை கூடத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து மேசைவரை வந்தது. துவைக்கும் இயந்திரம் ஏதோ ஒரு பித்தானைத் தகரத்தில் அடித்து அடித்துச் சுழன்றுகொண்டிருந்தது. காதில் மருத்துவர் மென்றார். அவர் விழுங்கட்டும் என்று அவள் திரட்டியைத் திறந்தாள்.

'உடல் விறைக்குமுன் குழந்தைக்கு உடை மாற்றுவது எப்படி.'

மருத்துவர் விழுங்கிவிட்டுப் பேச ஆரம்பித்தார். அவள் அவரை நிறுத்தினாள்.

எல்லாருக்கும் பகிர்கிற பொத்தானைக் காணவில்லை. அது இருந்த இடத்தில், 'ஒரே ஒருவருக்கு.' அதன் கீழே பெயர்ப் பட்டியல்.

பள்ளிக்கு அழைத்தாள். அலுவலகப் பெண் சாவகாசமாக, "வகுப்புலதான் இருக்காங்கம்மா. பாடிட்டிருக்காங்க, இங்க வரைக்கும் கேக்குது" என்றாள். வைத்துவிட்டாள். இதுவரை திரட்டியில் வந்த எதுவும் நடப்பதற்கு இருட்டும்வரை காத்திருந்ததில்லை. மணி ஒன்று நாற்பது.

பட்டியலில் முதலில் கல்யாணமாகாத கொழுந்தனின் பெயரைத் தொட்டாள். பிள்ளை குட்டி இல்லாதவன், ஒன்றும் ஆகாது. பக்கம் திரும்பி வந்தது. 'இவருக்குப் பொருந்தாது.'

தன் பெயரை அதில் தேடிப் பார்த்ததாகப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். தேடவில்லை.

இரட்டையர்களின் அம்மா. அங்கே இரண்டு இருக்கிறது. ஒன்று போனாலும்... அந்த எண்ணம் முழுசாக முடிந்த பிறகுதான் அவள் விரலை இழுத்துக்கொண்டாள். தபால் நிலையத்துக்காரி. அவளுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. வேண்டாம். விரல் கீழே இறங்கியது. இன்னும் கீழே.

கீழ்வீட்டுக்காரி.

போன மாதம் படிக்கட்டில் வைத்து, நாலு பேர் கேட்கச் சொன்னாள்: "எல்லாம் எங்கேருந்தோ உருவிப் போடுறதுதானே. என்னமோ இவ பெத்துப் போட்ட மாதிரி." அவளுக்கும் ஏழு வயதில் ஒரு மகள், சுண்டெலியின் வகுப்பேதான். மூச்சுவிடாமல் பேசுவதால் எல்லாருக்கும் அது வாயாடி. போன வாரம் அந்த வாயாடிதான் இவள் வீட்டுச் சோபாவில் படுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கதை சொன்னது.

தொட்டாள்.

'அனுப்பப்பட்டது.' சிறிது நேரத்தில், 'படிக்கப்பட்டது.'

பசித்தது. அடுப்படியில் நின்றபடியே சட்டியை வழித்துச் சாப்பிட்டாள். அப்படியொரு ருசி. கைகழுவி வந்து ஹெட்போனால் காதுகளை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மருத்துவர் மென்றார், அவள் தட்டினாள், மழை தட்டியது. கீழேயிருந்து அலறல் வந்தால் கேட்காமல் இருக்கட்டும் என்று ஒலியைக் கூட்டிவைத்தாள்.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு, மகளை அழைத்துவரக் கிளம்பலாம் என்று கைபேசியை எடுத்தாள். தவறிய அழைப்புகள் நான்கு. கடைசியில் கீழ்வீட்டுக்காரியின் செய்தி ஒன்று. வந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

'மழைன்னு ஸ்கூலை சீக்கிரம் விட்டுட்டாங்க. உங்களுக்குப் போட்டுப் போட்டுப் பாத்தேன், எடுக்கல. ரெண்டையும் நானே கூட்டிட்டு வந்துட்டேன். தொப்பலா நனைஞ்சிருக்குங்க. உங்க பொண்ணு எங்க வீட்டுலதான் இருக்கு.'

மாடிப்படி. செருப்பில்லாத கால். ஈரம். சுவர். இருபத்திரண்டு படி.

கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூடத்தில் யாரும் இல்லை. விசிறி ஓடியது. தரையில் இரண்டு பள்ளிப் பைகள், தண்ணீர் சொட்டிக்கொண்டு. சோப்பு வாசனை. உள்ளறையில் ஒரு சின்னக் குரல், பாடம் ஒப்பிப்பதுபோல.

வாயாடியின் குரல்.

பேசிக்கொண்டிருந்தது. உயிரோடு.

கட்டிலின் மூலையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தன் அம்மாவின் கைபேசியை மடியில் வைத்து, எழுத்துகளின் மேல் விரலை நகர்த்தி நகர்த்திப் படித்துக்கொண்டிருந்தாள். "அஞ்சு. சிக்கு விழாம தலையைத் துவட்டணும்."

கீழ்வீட்டுக்காரி முழங்காலிட்டிருந்தாள். முகம் அமைதியாக இருந்தது, துணி மடிப்பவளைப்போல. அவள் கைக்குள் இருந்தது சுண்டெலியின் தலை. ஈர முடி துண்டில் மெல்ல மெல்ல ஒற்றப்பட்டது. கண் பாதி மூடியிருந்தது. வாய் கொஞ்சம் திறந்து.

"வாங்க" என்றாள் கீழ்வீட்டுக்காரி, நிமிராமல். "ரெண்டும் விளையாடிட்டுத்தான் இருந்தாங்க. இந்தப் பக்கம் வந்து முதுகைத் தாங்கிக்கோங்க."

கத்தத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் கட்டிலருகே முழங்காலிட்டாள். உள்ளங்கை தானாகக் கட்டிலுக்கு நீண்டு, சில்லிட்ட அந்தச் சின்ன முதுகின் கீழே, எங்கே தாங்க வேண்டுமோ அங்கே போய்ப் பொருந்தியது. குழந்தையின் எடை முழுவதும் அதில் இறங்கியது. மற்ற கை, அருகில் மடித்துவைத்திருந்த மஞ்சள் கவுனை எடுத்து, விளிம்பிலிருந்து அழகாகச் சுருட்ட ஆரம்பித்தது.

வாயாடி விரலை எச்சில் தொட்டுத் திரையை மேலே தள்ளினாள்.

"ஆறு" என்று படித்தாள். "அம்மா தலையைப் பிடிச்சுக்கணும்."