மீதி மூன்று படங்கள்

கல்யாண வீட்டில் படம் எடுப்பவர்கள் "அசையாதீங்க, அசையாதீங்க" என்று தொண்டை வற்றக் கத்துவார்கள். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆஸ்பத்திரிப் பிணவறையில் படம் எடுப்பது என் வேலை.

முன்பெல்லாம் அடையாளம் காட்ட வருகிறவர்களை உள்ளேயே அழைத்துப் போவோம். பாதிப் பேர் வாசலிலேயே மயங்கி விழுவார்கள். அதனால் டாக்டர் ஒரு ஏற்பாடு செய்தார். நான் உள்ளே முகத்தைப் படம் எடுப்பேன். பொத்தானை அழுத்தினால், கம்பி எதுவும் இல்லாமல், தாழ்வாரத்துக்கு அந்தப் பக்கத்து அறையில் இருக்கும் டேப்லெட்டுக்குப் படம் போய்விடும். அங்கே நர்ஸ் அக்கா சொந்தக்காரர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு திரையைத் திருப்பிக் காட்டுவார்.

அன்று காலை பதினோரு மணி இருக்கும். ஐம்பதை நெருங்கும் ஒரு பெண் தனியாக வந்தாள். வேலைக்குப் போன கணவர் மூன்று நாளாக வீடு திரும்பவில்லை. பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்தபடியே இறந்துபோயிருந்த ஒருவர் எங்களிடம் இருந்தார். சட்டைப் பையில் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை.

அவள் கைப்பையைத் திறந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்து நீட்டினாள்.

"அவசரத்துல வீட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டாரு தம்பி. இதைப் போட்டு எடுங்க. கண்ணாடி இல்லாத மூஞ்சி எனக்கே சட்டுனு பிடிபடாது."

உள்ளே பினாயில் வாசனை. குளிரூட்டும் இயந்திரத்தின் ஓயாத முனகல். துணியை விலக்கி, அவருக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். காது மடல் மரக்கட்டை போல இருந்தது. ஒரு படம் எடுத்தேன். கேமராத் திரையில் பார்த்தேன். கண்கள் மூடிய, சாந்தமான முகம். அனுப்பினேன்.

இரண்டு நிமிடத்தில் நர்ஸ் அக்கா வந்து நின்றார்.

"ஏம்ப்பா, கண்ணு தொறந்திருக்கிற படத்தை எதுக்கு அனுப்பினே? அந்தம்மா ஆடிப் போயிட்டாங்க."

"மூடித்தான் இருக்குக்கா." கேமராவைக் காட்டினேன்.

அவர் டேப்லெட்டைக் காட்டினார்.

அதே முகம். அதே கண்ணாடி. அதற்குப் பின்னால் இரண்டு கண்களும் அகலத் திறந்திருந்தன.

டாக்டர் வந்தார். இமையைத் தூக்கி விளக்கடித்தார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் போய், அவர் இறந்துவிட்டார் என்று பொறுமையாகச் சொன்னார். அவள் கேட்பதாக இல்லை. "என் புருஷன்தான். ஆனா முழிச்சுப் பாக்கிற ஆளுக்கு நான் எப்படிங்க கையெழுத்துப் போடுவேன்?" என்றாள்.

"ஏதோ கண்ணாடியில வெளிச்சம் பட்டிருக்கும்," என்றார் டாக்டர் என்னிடம். "அடுத்தடுத்து ஆறு படம் எடு. ஒரு துளி அசையலன்னு அவங்களுக்கே புரியட்டும்."

எடுத்தேன். என் திரையில் ஆறும் ஒன்றுபோல இருந்தன. அனுப்பினேன். மூன்று போயின. அதோடு நின்றுவிட்டது.

எங்கள் கதவு கனமான இரும்பு. சில நேரம் படம் இப்படிச் சிக்கிக்கொள்ளும்; கதவை ஒரு சாண் திறந்து வைத்தால் போய்விடும். திறந்து வைத்தேன். நகரவில்லை. கேமராவை எடுத்துக்கொண்டு நானே அந்த அறைக்குப் போனேன். டேப்லெட்டுக்குப் பக்கத்திலேயே நின்றும் மீதி மூன்றும் வரவில்லை.

அவள் வந்த மூன்றையும் விரலால் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தாள். முதல் படத்தில் உதடுகள் மூடியிருந்தன. இரண்டாவதில் மேற்பல் கீழுதட்டைத் தொட்டது. மூன்றாவதில் வாய் திறந்திருந்தது.

"வா-ங்கிறாரு," என்றாள் மெதுவாக. அவள் முகம் தெளிந்துவிட்டது. "எங்க போனாலும் என்னை விட்டுட்டுப் போக மாட்டாரு தம்பி. கதவைத் திறந்து விடுங்க."

நர்ஸ் அக்கா என் கையைப் பிடித்து, வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தார். ஆனால் பார்க்க வேண்டும் என்று மனைவி கேட்டால் மறுக்க விதி இல்லை. நான்தான் அழைத்துப் போனேன். உட்கார ஸ்டூல் எடுத்துப் போட்டவனும் நான்தான். அவள் அவர் கையைத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"வந்துட்டேன்," என்றாள்.

தனியாக அழட்டும் என்று வெளியே வந்து நின்றேன். ஐந்து நிமிடம் கழித்து எட்டிப் பார்த்தபோது அவள் தலை அவர் நெஞ்சின்மேல் சாய்ந்திருந்தது.

அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

டாக்டர் அரை மணி நேரம் அவள் மார்பை அழுத்திப் பார்த்தார். இதயம் நின்றது நின்றதுதான்.

அப்போதுதான் என் கழுத்தில் தொங்கிய கேமரா, படம் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக, 'கிணுக்'கென்றது.

நான்கு.

ஐந்து.

ஆறு.

அந்த அறைக்கு ஓடினேன். நர்ஸ் அக்கா சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். டேப்லெட் மேஜைமேல் கிடந்தது. ஆறு படங்களையும் வரிசையாகத் தள்ளினேன். என்னை அறியாமல் என் உதடுகளும் கூடவே அசைந்தன. நான்காவதில் நாக்கு மேலே வளைந்திருந்தது. ஐந்தாவதில் பற்களைத் தொட்டது. ஆறாவதில் உதடுகள் இழுபட்டு விரிந்திருந்தன.

"வா இல்லப்பா," என்றார் அக்கா. "வராதே."

கூப்பிடுகிறவரின் முகம் அல்ல அது. தீப்பிடித்த வீட்டுக்குள்ளிருந்து, ஓடி வருகிறவர்களைத் தடுக்கிறவரின் முகம்.

பதிவுக்காக அந்தப் பெண்ணையும் நான் படம் எடுக்க வேண்டியிருந்தது. ஒன்றே ஒன்று எடுத்தேன். டேப்லெட்டை அணைத்து அலமாரியில் வைத்துப் பூட்டியாயிற்று. கேமராவில் அனுப்பும் வசதியையும் நிறுத்திவிட்டேன். மறுநாள் காலை அக்கா பூட்டைத் திறந்து டேப்லெட்டைப் போட்டபோது ஆறு படங்கள் வந்திருந்தன. அவள் கண்கள் திறந்திருந்தன. அவளும் அதையேதான் சொன்னாள்.

கருவியில்தான் கோளாறு என்று டாக்டர் புது டேப்லெட் வாங்கித் தந்தார். அதிலும் வந்தது. இப்போது சொந்தக்காரர்களுக்குக் காகிதத்தில் அச்சடித்துக் காட்டுகிறோம். காகிதத்தில் கண்கள் மூடியே இருக்கின்றன. பார்த்துவிட்டு, "நிம்மதியாப் போயிட்டாரு," என்று அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நாங்கள் "ஆமாம்" என்போம். வேறென்ன சொல்வது? நாமெல்லாம் ஒருநாள் போகவேண்டிய இடத்திலிருந்து அல்லவா வராதே என்கிறார்கள்?

அக்காவுக்கு மார்பில் கட்டி என்று போன மாதம் தெரிந்தது. முற்றிவிட்டது, இனி மருத்துவம் பலிக்காது என்றார்கள். விடுப்பு எடுக்கச் சொன்னால் எடுப்பதில்லை. மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மட்டும் கேட்டார்: "அங்க அப்படி என்னப்பா இருக்கும்?"

நான் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

இன்று காலை ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தங்கை கூடவே வந்திருந்தாள். பிறவியிலேயே அண்ணனுக்குப் பேச்சு வராது என்றும், நாற்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து ஒரு சொல்கூடத் தான் கேட்டதில்லை என்றும் சொல்லி அழுதாள். இவராவது சொல்ல மாட்டார் என்று அக்காவுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் ஒரு அசட்டு நம்பிக்கை வந்தது. ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு, இருவரும் அலமாரியைத் திறந்து டேப்லெட்டைப் போட்டோம்.

ஆறு படங்கள் வந்திருந்தன. தெளிவாகச் சொல்லியிருந்தார்.