பிண்டிக்காக வாங்கிய கடன்

இருமல் சத்தம் வரவில்லை.

பாதித் தூக்கத்தில் கிடந்தபடியே கிளெனிஸ் அதைக் கவனித்தாள். பின்பக்கக் கொசுவலைக் கதவு கிறீச்சிட்டுத் திறந்து மூடியது, சமையலறை நாற்காலி தரையில் இழுபட்டது, நாய் பிண்டியின் வால் தட் தட்டென்று தரையில் அடித்தது, எல்லாம் தினமும் போலத்தான். ஆனால் உள்ளே வந்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க இருமுவாரே பக்கத்து வீட்டு மெர்வ், அந்த இருமல் மட்டும் இல்லை. சளி குறைந்துவிட்டது போல. நல்லதுதான். அவள் புரண்டு படுத்தாள்.

வெளியே ஜனவரிக் கோடை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற எல்லாரையும் போல அவளும் ஜன்னல் கண்ணாடி முழுக்க அலுமினியத் தாள் ஒட்டி, அதன்மேல் கனத்த திரையும் போட்டு, படுக்கையறையை மூடிய பெட்டி மாதிரி ஆக்கி வைத்திருந்தாள். கூரைத் தகரம் வெயிலில் விரிந்து டப் டப்பென்று முனகும். ஏர்கூலர் ஈரக் காற்றைத் துப்பிக்கொண்டே இருக்கும். முதியோர் இல்லத்தில் இரவு முழுக்க ஆட்களைத் தூக்கி, புரட்டி, துடைத்துவிட்டு வந்த தோள்கள் அந்த இருட்டில் மெத்தையோடு மெத்தையாகக் கரைந்துபோகும். அந்தக் களைப்பில் ஒருவர் இருமினாரா இல்லையா என்று யார் யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

மெர்வ் வீட்டுக்குள் வர ஆரம்பித்தது பாம்பு கடித்த பிறகுதான்.

கோடை தொடங்கும் முன்பே அந்த வருஷம் பாம்புகள் வெளியே வந்துவிட்டன. தோட்டத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவள், பிண்டியின் பின்னங்கால்கள் இரண்டும் துணி போலத் துவள்வதைப் பார்த்தாள். கொட்டகைச் சுவர் ஓரமாகப் பழுப்பு நிறத்தில் ஏதோ நெளிந்து மறைந்தது. போர்ட் பிரி ஊரில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு விஷமுள்ள பாம்பு என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. நாயை வாரிக் காரில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

மிருக ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இருந்தது. வரவேற்பு மேசையில் இருந்த பெண், குரலைத் தாழ்த்தி, கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். "பாதியாவது இப்பக் கட்டினாத்தான் மருந்தைத் திறக்கவே முடியும். மூச்சு மெஷின்ல வைக்கவேண்டி வந்தா இன்னும் ஆகும். மன்னிச்சுக்குங்க."

மிருகங்களின் மருத்துவச் செலவுக்கென்றே கடன் கொடுக்கிற கம்பெனி ஒன்றின் எண்ணைக் கொடுத்தாள். கிளெனிஸ் கார் நிறுத்துமிடத்தில் நின்று கூப்பிட்டாள். காருக்கும் ஃபிரிட்ஜுக்கும் வாங்கிய கடனே இன்னும் பாக்கி இருக்கிறது என்று மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டு அந்தக் குரல் போய்விட்டது. அப்புறம்தான் தோட்டத்துக் குழாயை மூடாமல் வந்தது ஞாபகம் வந்தது. மெர்வைக் கூப்பிட்டாள்.

"குழாயைத் திறந்துவிட்டுட்டு வந்துட்டேன், மெர்வ். கொஞ்சம் மூடிடறீங்களா?"

"மூடிடறேன். உன் குரல் ஏன் இப்படி இருக்கு?"

சொன்னாள்.

வீட்டுச் செருப்போடு, ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை மார்போடு அணைத்தபடி மெர்வ் வந்து இறங்கினார். டப்பா நிறைய ஐம்பது டாலர் நோட்டுகள்.

"எப்பத் திருப்பித் தரணும்?"

"உன்னால முடியறப்போ."

"வட்டி?"

"வட்டிக்கு விடற மூஞ்சியா இது? கட்டிட்டு வா, போ."

மருந்து உள்ளே ஏறியபிறகு இருவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மெர்வ் தன் செருப்பைப் பார்த்தபடி சொன்னார். "எங்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சு. இதே பாம்புதான். என்கிட்ட பணம் இல்லாம இல்ல, கிளென். ஒரு நாய்க்கு இவ்வளவான்னு யோசிச்சேன். யோசிச்சு முடிக்கறதுக்குள்ள அது போயிடுச்சு."

மெர்வ் காலி டப்பாவின் மூடியைத் திறந்து மூடினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா? கடன் தீர்ற வரைக்கும் நான் பகல்ல வந்து அதுகூடக் கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன். நீ எப்படியும் தூங்கிட்டு இருப்ப."

"அதுக்கென்ன, தாராளமா."

பின்கதவுச் சாவியைக் கொடுத்தாள். பிண்டி பிழைத்து, எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தது. அன்றிலிருந்து மெர்வும் வந்தார். நாய்க்கு மாத்திரை கொடுப்பார், டீ போட்டுக் குடிப்பார், கோப்பையைக் கழுவாமல் தொட்டியில் வைத்துவிட்டுப் போவார். சம்பளம் வந்ததும் அவள் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் கொஞ்சம் நோட்டுகளை வைப்பாள், மறுநாள் இருக்காது. விழித்திருக்கும்போது இருவரும் பார்த்துக்கொண்டதே குறைவு. ஆனாலும் தூக்கத்தில் அந்தச் சத்தங்களைக் கேட்பது அவளுக்கு ஒரு ஆறுதலாகவே இருந்தது. தன் வீட்டில் யாரோ விழித்திருக்கிறார்கள் என்கிற ஆறுதல். அவளுக்கு அது கிடைத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

இருமல் நின்ற பிறகு தொட்டியில் கோப்பை இல்லை. மாத்திரை அட்டை அப்படியே இருந்தது. சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்த பணமும் இருந்தது. அடுத்த சம்பளத்தில் அதன்மேலேயே இன்னும் கொஞ்சம் வைத்தாள், அதுவும் இருந்தது. சமையலறையில் ஒரு புது வாடை. அத்தனை வெயிலிலும் ஈர சிமெண்ட்டின் குளிர்ந்த வாடை. ஏர்கூலரைக் கழுவவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். ஒருநாள் போய் மெர்வைப் பார்க்கவேண்டும் என்றும் நினைத்தாள். அவர் வண்டி வீட்டு முன்னால்தான் நின்றது. இன்னொருத்தி லீவு போட்டதால் அந்த ஷிஃப்டையும் இவளே பார்த்தாள். நினைத்ததெல்லாம் நினைப்பாகவே போனது.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் வாசல் கதவைத் தட்டி ஒரு பெண் நின்றாள். முழங்கை வரை தூசி.

"நான் டெப். மெர்வோட அண்ணன் பொண்ணு. அடிலெய்டுலேர்ந்து வரேன். வீட்டைக் காலி பண்ணிட்டு இருக்கேன். உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"என்ன சொல்லியிருக்கணும்?"

"புதுவருஷத்துக்கு முந்தின ராத்திரி ஆம்புலன்ஸ்ல கொண்டுபோனாங்க. நுரையீரல். அங்கேயே புதுவருஷத்தன்னிக்குப் போயிட்டார். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

கிளெனிஸ் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால், சமையலறையில், பிண்டி வாலை ஒரே ஒருமுறை தரையில் அடித்தது.

"இது உங்க சாவின்னு நினைக்கறேன்," என்றாள் டெப். "அவர் சாவிக்கொத்துல இருந்துச்சு. இத்தனை நாளா என் பையிலதான் கிடந்துச்சு."

சாவி வெயிலில் கிடந்த காசைப் போலச் சுட்டது.

"நான் அவருக்குப் பணம் தரணும், டெப். இன்னும் பாதிக்கு மேல பாக்கி."

"அவர் யார்கிட்டயும் எதுவும் சொல்லல. நீங்களே வச்சுக்குங்க."

"வேண்டாம், நீங்க வாங்கிக்கணும்."

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம்மா. நாய்க்குன்னா அவரே சந்தோஷமா விட்டுக் கொடுத்திருப்பார்."

டெப் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அன்றே போய்விட்டாள்.

மறுநாள் கிளெனிஸ் தூங்கவில்லை. இருட்டில் மல்லாந்து கிடந்து கூரையின் முனகலைக் கேட்டாள். ஏர்கூலரை நிறுத்தியிருந்தாள். வேர்வை காதுக்குள் இறங்கியது. தெருவில் ஒரு லாரி போனது. அப்புறம் தெருவே இல்லாததுபோல் ஓர் அமைதி.

கொசுவலைக் கதவு.

நாற்காலி.

வால். தட். தட். தட்.

அவள் எழுந்தாள். வெறுங்காலோடு நடந்தாள். சமையலறை வாசலில் நின்றாள். பின்கதவு பூட்டியபடியே இருந்தது; கொசுவலைக்கும் இந்தப் பக்கம், உள்கதவில், தாழ்ப்பாள் போட்டது போட்டபடி. நாற்காலி மேசையிலிருந்து விலகி நாயைப் பார்த்துத் திரும்பியிருந்தது. யாரும் இல்லை. பிண்டி கண்ணை மூடி, சுகத்தில் தலையைச் சற்றே உயர்த்திக் கிடந்தது. அதன் நெற்றியில் ஆரம்பித்து, பிடரி வழியாக, முதுகின் கடைசி வரை, மயிர் மெல்ல அழுந்திப் படிந்து, மறுபடி எழுந்தது. மறுபடி நெற்றியிலிருந்து. மெல்ல. அவசரமே இல்லாத ஒரு கை.

"மெர்வ்," என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை. "பணத்தைத் தந்துடறேன். எங்கே வைக்கணும்னு சொல்லுங்க."

மயிர் பாதி முதுகில் அழுந்தியபடியே நின்றது. பிண்டி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. தூங்குகிற வீட்டில் சத்தம் போட்டவளைப் பார்ப்பதுபோல.

அவள் திரும்பாமல் பின்பக்கமாகவே அடி வைத்துப் படுக்கையறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

பூட்டை மாற்றினாள். சர்க்கரை டப்பாவுக்கு அடியில் இருந்த பணத்தையெல்லாம் எடுத்துக்கொண்டுபோய் மெர்வின் காலி வீட்டுக் கதவின் தபால் துவாரத்தில் போட்டாள். அது உள்ளே வெறும் பலகையில் விழுகிற சத்தம் கேட்டது. பயனில்லை. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத கடனை எங்கே கொண்டுபோய் அடைப்பது. பிண்டி இப்போது அவள் கூப்பிட்டால் வருவதில்லை. வைத்ததைத் தின்பதில்லை. காலையிலிருந்தே அந்த நாற்காலியின் காலடியில் கதவைப் பார்த்துப் படுத்துவிடும்.

விடுமுறை நாளில் அதைக் காரில் ஏற்றிக் கிறிஸ்டல் புரூக்கில் இருக்கும் தங்கை ஜானெட் வீட்டில் விட்டாள்.

"உன் மூஞ்சியைக் கண்ணாடியில பாத்தியா?" என்றாள் ஜானெட். "நாய் நல்லாத்தான் இருக்கு. உன்னைத்தான் டாக்டர்கிட்டக் காட்டணும்."

"கொஞ்ச நாளைக்கு வச்சுக்கோடி."

"வச்சுக்கறேன். நீயும் இரேன். அந்த ரூம்ல துணி கிடக்கு, எடுத்துப் போட்டா கட்டில் இருக்கு."

"ராத்திரி ஷிஃப்ட் இருக்கு. இதை விட்டா வாடகை கட்ட முடியாது."

ஜானெட் ஒரு தட்டில் இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' ஒன்றை வைத்து, தக்காளி சாஸை மேலே பிழிந்து, அவள் முன்னால் தள்ளினாள். கிளெனிஸ் பாதி தின்றுவிட்டு அங்கேயே, மேசையில் தலைவைத்து, கொஞ்ச நேரம் கண்ணயர்ந்தாள்.

அன்றிரவு வேலை செய்தாள். காலையில் வீட்டுக்கு வந்தாள். வேறு எங்கே போவது. காரிலேயே தூங்கலாமா என்று யோசித்துப் பார்த்தாள். அந்த வெயிலில் காருக்குள் கிடந்தால் ஆள் பிழைக்காது. சமையலறைப் பக்கம் திரும்பாமல் நேராகப் போய் உடுப்பைக்கூட மாற்றாமல் படுத்தாள். நாய் இல்லை. இனி வருவதற்கு எதுவும் இல்லை. அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

கொசுவலைக் கதவு.

நாற்காலி இழுபடவில்லை.

ஒரு விசில். மெதுவாக, மேலேறி இறங்குகிற, நாயைக் கூப்பிடுகிற விசில். காத்திருந்தது. மறுபடியும் விசில்.

பிறகு செருப்புச் சத்தம். இழுத்து இழுத்து. முன்னறைக்குப் போனது. குளியலறைக்குப் போனது, அங்கே திரை வளையங்கள் கம்பியில் உரசின. கூடத்தில் நின்றது. ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடியது. பொறுமையாக. தொலைத்ததைத் தேடுகிற ஆள்.

அவள் கதவின் பிடி திரும்பியது.

எழுந்து ஓடவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. கால்களுக்குச் சொன்னாள். கால்கள் கேட்கவில்லை. பயத்தால் மட்டுமல்ல. இத்தனை மாத இரவுகளும் ஒன்றாக வந்து அவள்மேல் படுத்திருந்தன. ஈர சிமெண்ட் வாடை அறையை நிறைத்தது. கட்டிலின் ஓரம் அழுந்தியது. யாரோ உட்கார்ந்தார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. ரொம்ப நேரம்.

பிறகு அவள் நெற்றியில் ஒரு குளிர். தயங்கி வைத்த ஒரு கை. நெற்றியிலிருந்து, தலைமயிர் வழியாக, பிடரி வரை. மறுபடி நெற்றியிலிருந்து.

"நான் இல்ல, மெர்வ்," என்றாள். உதடு மட்டும்தான் அசைந்தது. "நான் இல்ல."

கை நிற்கவில்லை. மெல்ல. அவசரமே இல்லாமல். அவள் பற்களைக் கடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் கிடந்தாளோ. கடைசியில் அந்தக் கேவலமான விஷயம் நடந்தது. இத்தனை பயத்துக்கும் நடுவில், அந்தக் குளிர்ந்த கையின் கீழே, தோள்கள் ஒன்றன்பின் ஒன்றாக இளகின. மூச்சு நீண்டது. அவள் தூங்கிப்போனாள். வருஷக்கணக்கில் தூங்காத ஒரு தூக்கம்.

விழித்தபோது திரையின் ஓரத்தில் சாயங்கால வெளிச்சம் சிவந்திருந்தது. வீடு அமைதியாக இருந்தது. போர்வை கழுத்து வரை ஒழுங்காக இழுத்துவிடப்பட்டிருந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது. காலைத் தரையில் ஊன்றினாள்; விரல்கள் எதன்மீதோ இடித்தன.

கட்டிலை ஒட்டித் தரையில், அவள் தலை கிடந்த பக்கமாக, பிண்டியின் தகரக் கிண்ணம். விளிம்பு தொட நிரப்பிய தண்ணீர். அவள் கால் பட்ட அலை அடங்கிய பிறகும் அதன் நடுவில், அப்போதுதான் யாரோ கீழே வைத்துவிட்டுக் கையை எடுத்ததுபோல, சின்னச் சின்ன வளையங்கள் வந்துகொண்டே இருந்தன.