கடைசிக் கட்டிலின் விண்டோ

நாங்கள் அந்த மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது பிற்பகலில், பார்க்க வந்தவர்கள் கலைந்துபோன நேரம். நீளமான வார்டு. திரைச்சீலைகளை இழுத்துவிட்டிருந்ததால் உள்ளே மங்கல். மருந்து நெடி, துடைத்த தரையின் நெடி, அதற்கடியில் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்பாத இன்னொரு நெடி.

மென்பொருள் எழுதுவது என் மச்சான், விற்பது நான். கடைத்தெருவில் வளர்ந்தவன். சரக்கில் ஓட்டை இருந்தால் விளக்கைத் தணித்துவிட்டு விலை பேசு என்பது தாய்ப்பாலோடு ஊட்டப்பட்ட பாடம்.

எங்கள் சரக்கு இதுதான். நர்ஸ் மேசைக் கணினியில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சின்னச் சதுர விண்டோ. கட்டிலருகே உள்ள பொத்தானை அவர் அழுத்தினால் அது சிவந்து, பீப் என்று கூப்பிடும். நர்ஸ் ஓடுவார். போன வாரம் கணினி திணறி, அப்படியே உறைந்துவிட்டது. கடைசிக் கட்டில் பெரியவர் பொத்தானை அழுத்தியபடியே இறந்துபோனார். திரையில் எதுவும் சிவக்கவில்லை.

"சிஸ்டர் தூங்கிட்டாங்களா, உங்க சாஃப்ட்வேர் தூங்கிடுச்சா? அதை மட்டும் சொல்லுங்க," என்றார் பெரிய டாக்டர். "மத்த வார்டுக்கும் இதையே போடலாம்னு இருக்கேன்."

அன்று பணியில் இருந்த சிஸ்டர் சுவரோரம் நின்றிருந்தார். அவர் வேலை இருக்குமா போகுமா என்பது எங்கள் வாயில் இருந்தது.

மச்சான் கணினியைக் குடைந்தான். முகம் வெளுத்தது.

"அத்தான், மெமரி ஒழுகுது, கணினில எடம் தீர்ந்துக்கிட்டே போகுது," என்று கிசுகிசுத்தான். "குணமாகிப் போறவங்களுக்கு 'நலமுடன் வீடு திரும்பினார்'னு ஒரு வரி வந்து விண்டோ மூடிக்கும். இறந்தவங்களுக்கு என்ன எழுதறதுன்னு தெரியல. கை வரல. மூடாம, மறைச்சு மட்டும் வெச்சேன்."

"மறைச்சா என்னடா?"

"கண்ணுக்குத் தெரியாது, ஆனா உசுரோட இருக்கும். எடத்தைப் பிடிச்சுக்கிட்டு, பெல்லுக்குக் காத்துக்கிட்டு. இங்க இறந்த அத்தனை பேரும் உள்ளதான் இருக்காங்க அத்தான். அந்த நெரிசல்லதான் கணினி மூச்சுமுட்டி நின்னிருக்கு."

அவன் தொடையைக் கிள்ளினேன். "மூச்சு விடாதே. சத்தமில்லாம சரிபண்ணு."

டாக்டரிடம் போய்ச் சிரித்தேன். "சரக்குல குறை இல்லீங்க. பயன்படுத்தறவங்க கொஞ்சம் கவனமா இருக்கணும்." பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சிஸ்டர் சண்டைக்கு வந்திருந்தால் சமாளித்திருப்பேன். பேரம் பேசுகிறவனுக்குச் சத்தம் சௌகரியம். அவர் என்னை மட்டும் பார்த்து, "நான் தூங்கல சார்," என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் காதுமடல் சுட்டது.

வேறு நர்ஸை அனுப்புவதாகச் சொல்லி டாக்டரும் போனார்.

மச்சான் மறைந்திருந்த விண்டோக்களை மேலே கொண்டுவந்தான். திரை முழுக்க வெளிறிய சதுரங்கள், கட்டில் எண்களோடு. ஒவ்வொன்றாக மூடினான். ஒவ்வொன்று மூடும்போதும் வார்டில் எங்கோ ஒரு பெருமூச்சு கேட்டது. நோயாளிகள்தான் என்று எனக்கு நானே சமாதானம் விற்றுக்கொண்டேன்.

கடைசிச் சதுரம் மூடவில்லை.

சிவந்தது.

பீப்.

"பொத்தான் சிக்கிக்கிச்சாடா?"

"பொத்தானே அங்க இல்ல அத்தான். விசாரணைக்குன்னு டாக்டர் கழட்டி அவர் ரூம்ல வெச்சிருக்கார்."

பீப்.

ஓடவேண்டியவரை நான்தான் துரத்தியிருந்தேன். வேறு வழியில்லாமல் நானே போனேன்.

கடைசிக் கட்டிலில் மெத்தை சுருட்டிக் கிடந்தது. சுவரிலிருந்து ஒயர் மட்டும் மொட்டையாகத் தொங்கியது. அடியில் இருந்த அந்த நெடி இங்கே தொண்டையை அடைத்தது. முழங்கால்வரை குளிர்.

"என்ன... என்ன வேணுங்க?" எந்தச் சந்தையிலும் குழறாத நாக்கு குழறியது.

காதோரம், இளைத்து இளைத்து ஒரு குரல்.

"அந்தப் பொண்ணு தூங்கல."

டாக்டர் அறைக்கு ஓடினேன். மேசைமேல் பிளாஸ்டிக் பைக்குள் அந்தப் பொத்தான். யாரோ கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருப்பதுபோல் உள்ளே அமுங்கியிருந்தது. அதைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். மறைத்தது, ஒழுகியது, பழியைத் தள்ளியது. தலை தொங்கியது. "பொய் சொல்லிட்டேங்க," என்று முடித்தேன்.

டக்.

பொத்தான் மேலே எழும்பியது.

"என்ன சத்தம்?" என்றார் டாக்டர்.

சிஸ்டரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். மற்ற வார்டு வியாபாரம் போயிற்று. மச்சான் இறந்தவர்களுக்கும் ஒரு வரி எழுதி, அவர்கள் விண்டோக்களை முறையாக மூடவைத்தான். அதைப் பொருத்தப் போன அன்று சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் திரையைப் பார்த்தேன்.

ஓரத்தில் ஒரு வெள்ளைச் சதுரம். கடைசிக் கட்டில் எண்.

"மூடித் தொலைடா!"

"மூட மூட வருது அத்தான்," என்றான் மச்சான். "புரோகிராம்ல அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. மெமரில துளி எடம்கூட எடுக்கல."

"இருக்கட்டும், விடுங்க," என்றார் சிஸ்டர். "இப்ப பெல் அடிக்கிறதில்ல. பெரியவர் சும்மா பாத்துக்கிட்டிருக்காரு."

"யாரை?"

அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு, யாருக்கோ வழிவிடுவதுபோல், மேசையிலிருந்து ஓரடி விலகி நின்றார்.