வால் கட்டிய ஆட்டம்

உயரமானவன் அரை அடி தள்ளி நின்றான்.

வெளியாட்களுக்கு அரை அடி ஒரு பொருட்டே இல்லை. ஆறு பேர் ஒரே மூச்சில் ஓடித் திரும்புகிற ஆட்டத்தில் அரை அடி பிசகினால் யாருடைய மூக்காவது உடையும். ஐந்து ஊர்களில், பதினோரு மேடைகளில், அவன் ஒரு விரற்கடை மாறி நின்றதில்லை. இந்த ஆறாவது ஊரில், மத்தியான ஒத்திகையில், பம்பரம் சுழன்று வந்து நின்றபோது அவள் முதுகுக்கும் அவனுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நிற்கலாம் போல இடம் கிடந்தது.

"என்னடா, என்மேல நாத்தம் அடிக்குதா?" என்றாள்.

அவன் எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டுகிறவன். இப்போது தரையைப் பார்த்தான்.

பம்பரம் என்பது அவளுக்குக் குழு வைத்த பெயர். சுழல ஆரம்பித்தால் நிறுத்த ஆள் அனுப்ப வேண்டும் என்பார்கள். இந்த ஆட்டத்தின் முதன்மை வேடம் மூன்று வருடமாக அவளுடையது. ஊர் ஊராகப் பெட்டி தூக்கும் இந்தக் குழுவிடம் மூன்று ஆட்டங்கள் இருந்தன. ஜனங்கள் டிக்கெட் வாங்குவது இந்த ஒன்றுக்குத்தான். ஆட்டத்தின் முடிவில் அவள் திரும்பிப் பார்க்காமல் உயரத்திலிருந்து மல்லாக்க விழ வேண்டும். மற்ற ஐந்து பேரும் கைகளில் ஏந்திக்கொள்வார்கள். அவளிடம் வீடு இல்லை, சேமிப்பு இல்லை, கல்யாணம் என்று பேச்செடுத்தவர்களும் அலுத்துப் போய்விட்டார்கள். இருந்தது அந்த ஒரு விழுதல். அதற்காகத்தான் உயிரோடு இருக்கிறோம் என்று அவள் வெட்கமில்லாமல் சொல்வாள்.

"மறுபடி மொதல்லேருந்து," என்றாள் அக்கா, முன் வரிசை நாற்காலியிலிருந்து.

அக்கா கூடப் பிறந்தவள், குழுவின் ஒத்திகை ஆசிரியை. அந்த வேடத்தை முதலில் ஆடியவளும் அவள்தான். முழங்கால் போய்விட்டது என்று மூன்று வருடம் முன்பு நடு மேடையில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாளே தங்கை வீடியோவைப் பார்த்துப் படித்துக்கொண்டு ஆடினாள். அன்று முதல் அக்கா எதிர் நாற்காலியில் வலது காலை நீட்டி வைத்தபடி, மடியில் நோட்டுடன், எண்ணிக்கை சொல்லி வருகிறாள்.

வெளியே மூன்று மணி வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். உள்ளே ஜன்னல் இல்லாத அந்த அரங்கில், கறுப்புத் திரைகளின் பழைய தூசியும், சூடேறிய விளக்குத் தகரமும், தரையில் விரித்த ரப்பர் விரிப்பும், ஐந்து ஊர்களாகத் தேய்த்த வலித் தைலமும் சேர்ந்து ஒரே வாடையாகக் கனத்து நிற்க, பாட்டு போடாமல் அக்காவின் குரலுக்கு மட்டும் ஆறு ஜோடி வெறுங்கால்கள் விரிப்பில் தப்தப்பென்று விழுந்து எழுந்தன. ஐந்தாம் எண்ணிக்கையில் எல்லோரும் குதித்து இறங்க வேண்டும். இறங்கினார்கள். அதற்குப் பிறகு, ஓர் எள்ளளவு தாமதித்து, இன்னும் ஒரு ஜோடி இறங்கியது.

அவளுக்குப் பின்னால். மூன்று தப்படி தள்ளி.

பம்பரத்துக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. மூன்று தப்படி என்றால் என்னவென்று இந்தக் குழுவில் எல்லோருக்கும் தெரியும். ஒரு வேடம் கை மாறும்போது, புதியவள் பழையவளுக்குப் பின்னால் மூன்று தப்படியில் நின்று, ஒத்திகையோ மேடையோ, மூன்று தடவை அவளை அப்படியே பார்த்து ஆடுவாள். மற்றவர்கள் அவளுக்கும் இடம் விட்டு ஆடுவார்கள். முன்னால் இருப்பவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. இதற்கு வால் கட்டுதல் என்று பெயர். வேடத்துக்கு உரியவள் வாயால் 'எடுத்துக்கோ' என்று சொன்னால்தான் வால் கட்டலாம். அவளை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே கட்டிவிட்டார்கள், அதுவும் முதுகுக்குப் பின்னால்.

கூடாது என்று தெரிந்தும் திரும்பினாள். யாரும் இல்லை. விரிப்பு மட்டும் பளபளத்துக் கிடந்தது. ஆனால் ஐந்து பேரின் கண்களும் அவள் பார்த்த அதே இடத்தில் நின்றுவிட்டு, சட்டென்று விலகின.

இடைவேளையில் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் விளக்குக்காரரைப் பிடித்தாள். அவர் தேநீரை ஊதிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"அண்ணே, மறைக்காம சொல்லுங்க. எனக்கு வால் கட்டியிருக்காங்களா?"

"எனக்கு எதுக்கும்மா வம்பு. வெளிச்சத்த இன்னொரு ஆளுக்கும் சேத்து அகலமா வைக்கச் சொன்னாங்க, வெச்சேன்."

"யாரு சொன்னா? நம்ம குழு மாஸ்டரா?"

"மாஸ்டர் போன ஊர்லயே கெளம்பிட்டாரு, தெரியாதா? இதெல்லாம் நின்னு பாக்க முடியாதுன்னு போயிட்டாரு." டம்ளரைக் கீழே வைத்தார். "சொன்னது உங்க அக்காதான்."

அவள் நேராக முன் வரிசைக்குப் போய் நோட்டைப் பறித்தாள். அக்காவின் குண்டு குண்டான கையெழுத்து. ஒவ்வொரு வேடத்துக்கும் ஒரு பக்கம். அவளுடைய பக்கத்தில், உரியவர் என்ற இடத்தில் இன்னும் அக்காவின் பெயர்தான் இருந்தது. மூன்று வருடம் முன்பு அவசரத்தில் யாரும் வால் கட்டவில்லை, 'எடுத்துக்கோ' என்று சொல்லவும் இல்லை. இத்தனை நாள் அவள் ஆடியது இரவல் வேடம். கீழே, வால் என்ற இடத்தில் பெயர் ஏதும் இல்லை. மூன்று கட்டங்கள். இன்று ஆடிய இரண்டு தடவைக்கு இரண்டில் டிக் போட்டிருந்தது.

நோட்டு அவள் கை நழுவி விழுந்தது. அக்கா எழுந்து, இரண்டு முழங்காலையும் மடக்கிக் குந்தி, அதை எடுத்துத் தூசி தட்டினாள். சிறு முனகல்கூட இல்லை.

"உன் முட்டி..."

"நல்லாத்தான் இருக்கு. எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன்க்கா?"

அக்கா மெதுவாகப் பேசினாள், யாரோ தூங்குகிற அறையில் பேசுவதுபோல. "அது மொதல்ல என் பின்னாலதான் நின்னுச்சு. நான் உக்காந்தா போயிடும்னு நெனச்சேன். போகல. மூணு வருஷமா என் நாற்காலிக்குப் பின்னாலயே நின்னுச்சு. எனக்கு ஆடணும், எனக்கு ஆடணும்னு. ராவும் பகலும். என்னயே எடுத்துக்குமோன்னு இருந்துச்சுடி. அதான் வேடத்த எடுத்துக்கோன்னு சொல்லிட்டேன்."

"அது என் வேடம்."

"நோட்டுல இல்ல."

வேலியே பயிரை மேய்ந்த கதை கேட்டிருக்கிறாள். மேய்ந்த வேலி இப்படி நிதானமாகக் கணக்கும் காட்டும் என்று அவளுக்குத் தெரியாது. சின்ன வயதில் இருட்டறையைத் தாண்ட இந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"இப்பவே பெட்டிய எடுத்துட்டுப் போயிடு," என்றாள் அக்கா. "கெஞ்சிக் கேக்கறேன். மூணாவது ஆட்டத்துல நீ மேடையில இருக்காத."

"நான் ஆடுவேன். யாரு புடுங்கறாங்கன்னு பாக்கறேன்."

வீம்புதான். ஆனால் வீம்பு மட்டும் இல்லை. அக்கா போனால் போகட்டும், அந்த ஐந்து பேர் இருக்கிறார்கள். நூறு தடவை விழுந்திருக்கிறாள், நூறு தடவையும் பிடித்திருக்கிறார்கள். உயரமானவனுக்குக் காய்ச்சல் கண்டபோது இரவெல்லாம் ஈரத்துணி மாற்றிப் போட்டவள் அவள். பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல அவளைத் தூக்குகிறவன் அவன். அவன் கைவிட மாட்டான்.

இடைவேளை முடிந்து விளக்குகள் எரிந்தன. அக்கா எண்ண ஆரம்பித்தாள்.

ஆடினாள். இதுவரை ஆடாத மாதிரி ஆடினாள். பின்னால் மூன்று தப்படியில் அதுவும் ஆடியது. முதல் சுழற்சியில் அதன் கால் அவளுக்கு எள்ளளவு பின்தங்கி விழுந்தது. இரண்டாவதில் தாமதம் குறைந்தது. மூச்சு கேட்டது, அவள் இழுத்தால் அதுவும் இழுத்தது. மூன்றாவது சுழற்சியில் இரண்டு காலடியும் ஒன்றாகவே விழுந்தன.

நான்காவதில் அவளுடையது பின்தங்கியது.

மரப்படியில் ஏறினாள். ஆறு அடி உயரம். காலி நாற்காலிகளைப் பார்த்து நின்றாள். பின்புறம் கீழே ஐந்து பேர் இரண்டு வரிசையாக நிற்கும் சத்தம் கேட்டது. கைகள் நீளும் சத்தம். முதுகுத்தண்டில் சில்லென்று காற்று. மிகப் பக்கத்தில். தோளோடு தோள்.

"ஆறு," என்றாள் அக்கா. "ஏழு."

பிடிப்பார்கள்.

"எட்டு."

விழுந்தாள்.

கைகள் இல்லை. விரிப்புதான் இருந்தது. இடுப்புக்குக் கீழே ஏதோ முறிந்தது. வலி வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது.

அரை அடி தள்ளி, அவளுக்கு மேலே பத்துக் கைகள். ஏந்தியபடி. வெறுமையாக. ஆனால் உயரமானவனின் முன்கை நரம்புகள் புடைத்திருந்தன. பாரத்தில் நடுங்கின. அவன் அழுதுகொண்டிருந்தான். அழுதுகொண்டே, பச்சைக் குழந்தையை இறக்குவதுபோல, அதை இறக்கி நிற்க வைத்தான். ஐந்து பேரும் அவள் கிடந்த இடத்தைப் பார்க்காமல் தாண்டினார்கள். யாருடைய காலும் அவள்மேல் படவில்லை. அத்தனை பழக்கம்.

"அக்கா," என்றாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

அக்கா மேடையேறி வந்தாள். விறுவிறுவென்று, இரண்டிரண்டு படியாக. தங்கையின் விரித்த விரல்களைப் பார்த்தாள். ஒதுங்கிக் கால் வைத்தாள். தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து விரித்து, ஒருவரும் இல்லாத இடத்தில் போர்த்தினாள்.

சால்வை விழவில்லை. தோளுயரத்தில் நின்றது. ஆடி முடித்தவள் மூச்சு வாங்குவதுபோல ஏறி ஏறி இறங்கியது.