மாமாவுக்குப் போன சீனக் கூத்து

எங்கள் வீட்டில் கடிதம் எழுதுவதில்லை. ஒலிநாடாக் கசெற்றில் கதைத்து அனுப்புவோம். யாழ்ப்பாணத்துப் பாசையூரில் மீன்பிடித் தொழில் செய்த ஜேசுரட்ணம் மாமா அதைக் கேட்டுவிட்டு, அதன் மேலேயே தன் பதிலைக் கதைத்துத் திருப்பி அனுப்புவார். அவர் கதைத்தது அழிய, அதன் மேல் நாங்கள் மறுபடியும் கதைப்போம். ஒரே கசெற் இப்படி மூன்று தடவை போய் வந்திருந்தது.

1986இல் நாங்கள் ஜெர்மனியில் டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில் ஓர் அகதிகள் விடுதியில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. கதைப்பதைப் பதிய எங்களிடம் ரேடியோ செற் இல்லை. பக்கத்து அறை லாம் அன்ரியிடம் இருந்தது.

லாம் அன்ரி வியட்நாமிலிருந்து படகில் வந்த சீனப் பெண். தென்சீனத்துக் கன்ரன் பகுதிக் கூத்துப் பாடுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய தோழிகள் மூன்று பேர் வருவார்கள். ஒரு கசெற்றைப் போட்டு, நிறுத்தி, மறுபடி போட்டு, நால்வரும் பாடிப் பழகுவார்கள். அதில் இளவரசனாகப் பாடுவது அன்ரியின் தங்கை. தங்கை ஏறிய படகு கரை சேரவில்லை. அவர்கள் குழுவின் கூத்து அந்த ஒரு கசெற்றில்தான் மிஞ்சியிருந்தது.

ஒரு சனிக்கிழமை அம்மா அன்ரியின் அறையில் இருந்து மாமாவுக்குக் கதைத்து முடித்தார். கசெற்றை உறையில் போட்டு ஒட்டி, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டது நான்.

அரை மணி நேரத்தில் அன்ரி கதவைத் தட்டினார். கையில் ஒரு கசெற்.

"இதில் உன் அம்மா பேசுகிறார்," என்றார் ஜெர்மன் மொழியில். "என்னுடையது எங்கே?"

அம்மா என்னைப் பார்த்தார். "எடி அன்ரனிற்றா, எதையடி உறைக்குள்ள போட்டனி?"

"மேசையில இருந்ததை."

"மேசையில ரெண்டெல்லோ இருந்தது. இனி ஜேசு ஏதோ பாட்டெண்டு நினைச்சு அதுக்கு மேல கதைக்கப் போறான். தொடங்கினால் கசெற் முடியுமட்டும் நிப்பாட்டவும் மாட்டான்."

"கதைக்க வேண்டாமெண்டு கடிதம் போடுவம்."

"அது பிந்திப் போனால்?"

அன்ரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன்.

தபால்காரர் பெட்டியைத் திறந்து கடிதங்களைப் பைக்குள் விழுத்திக்கொண்டிருந்தார். எங்கள் பழுப்பு உறை மேலேயே கிடந்தது.

"அது என்னுடையது. பிழையாகப் போட்டுவிட்டேன்," என்றேன்.

"பெட்டிக்குள் விழுந்ததை நான் திருப்பித் தர முடியாது. அதுதான் விதி."

எனக்கு அழுகை வந்தது. ஆனால் மாமா அந்த உறையைக் கையில் எடுத்துத்தானே பிரிப்பார் என்பது நினைவுக்கு வந்தது.

"தர வேண்டாம். நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். நான் அதன் பின்பக்கம் எழுதலாமா?"

அவர் தலையைச் சொறிந்தார். "எழுதக் கூடாது என்று ஒரு விதி இருப்பதாக எனக்குத் தெரியாது."

தன் பேனாவையே தந்தார். உறையை வண்டியின் மேல் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நான் பெரிய எழுத்தில் எழுதினேன்:

"மாமா, இது சீனக் கூத்து. இதுக்கு மேல கதைக்காதேங்கோ. அப்பிடியே திருப்பி அனுப்புங்கோ. பிழை விட்டது நான். அன்ரனிற்றா."

"என்ன எழுதினாய்?"

"மாமாவைப் பேச வேண்டாம் என்று எழுதினேன்."

"என் மாமாவுக்கும் ஒன்று எழுதித் தா," என்றார் அவர்.

அதன்பின் ஐந்து ஞாயிறுகள் அன்ரியின் அறையிலிருந்து பாட்டு வரவில்லை. ஆறாவது கிழமை பொதி வந்தது. உள்ளே இரண்டு கசெற்றுகளும் ஒரு துண்டுக் கடிதமும் இருந்தன.

"மருமேள், ஒண்டு பழுதாப் போனாலும் எண்டு, இரவல் செற் ஒண்டை எதிரில வைச்சு இன்னொண்டும் பதிஞ்சிருக்கிறன். இளவரசன் வலு திறமாப் பாடுறான். ஆர் ஆள்?"

நான் அதை ஜெர்மன் மொழியில் சொன்னேன். "என் தங்கை என்று எழுது," என்றார் அன்ரி.

தன் கசெற்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை கேட்டார். ஓர் அடியும் அழியவில்லை. பிறகு மற்றதைப் போட்டோம். முதலில் காகம் கரைந்தது. அடுத்து மாமாவின் குரல்: "பிள்ளையள், வாயைப் பொத்துங்கோ. சீனக் கூத்துப் பதியுது." அதன் பின்தான் கூத்தின் சேகண்டி ஒலித்தது.

அன்ரி சிரித்துவிட்டார். "இது உங்களுக்கு," என்று அதை என் கையில் வைத்தார்.

அடுத்த வருடம் கடலுக்குப் போன மாமா திரும்பவில்லை. அவர் கதைத்து அனுப்பிய எல்லாவற்றின் மேலும் நாங்கள் கதைத்துவிட்டிருந்தோம். இந்தக் கசெற் மட்டும் இருக்கிறது. போட்டால், மாமா எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்வார். இளவரசன் பாடி முடிக்கும்வரை நாங்கள் பேசுவதில்லை.