வெள்ளிக்கிழமைகளில் மட்டும் குளிர்ந்த வெள்ளவத்தை

அந்த வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்மாடி பல்கனியில் இருந்தவர்கள் இவர்கள்தான்: ஷரீப் ஆகிய நான், என் தம்பி இப்திகார், அவன் மனைவி ஷஹீமா, அவர்களின் பிள்ளைகள் அகீலும் நிம்றாவும். சுவருக்கு அப்பால், தன் சமையலறை யன்னலில், பக்கத்து வீட்டு றோஸி நின்றார். வேறு எவரும் இருக்கவில்லை. மூலைக்கடை ரொஷான் தானும் அங்கே நின்றதாகச் சொல்லித் திரிகிறார். அவர் நிற்கவில்லை.

நடந்ததைச் சொல்லுமுன் எங்கள் கொப்பிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1962ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி, என் வாப்பா அந்தப் பல்கனியில் ஒரு வெள்ளை மரப்பெட்டியைத் தொங்கவிட்டார். அதற்குள்ளே ஒரு வெப்பமானி. அன்று முதல் தினமும் அஸர் தொழுதபின், நாலரை மணிக்கு, வெப்பம் எத்தனை பாகை என்று பார்த்துக் கொப்பியில் எழுதுவது எங்கள் குடும்ப வழக்கம். வருடத்துக்கு ஒரு கொப்பி. வாப்பாவுக்குப் பிறகு நான் எழுதுகிறேன். காய்ச்சலிலும் எழுதினோம், ஊரடங்கிலும் எழுதினோம். இப்திகாரின் கல்யாணத்தன்று மாப்பிள்ளையைக் காரில் காக்கவைத்துவிட்டு மேலே ஏறி எழுதினேன். ஒரு நாள்கூட விட்டுப்போனதில்லை.

"ஒரு நாள் விட்டா உலகம் அழிஞ்சிருமா நானா?" என்று இப்திகார் அன்று காருக்குள்ளிருந்து கேட்டான். எங்களில் அண்ணனை 'நானா' என்றுதான் கூப்பிடுவோம்.

போன வருடம் நான் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினேன். 'ஐந்தே வருடங்களில் வெள்ளவத்தையின் வெப்பம் மூன்று பாகை ஏறிவிட்டது. எங்கள் குடும்பக் கொப்பிகளே சாட்சி' என்று எழுதினேன். அதைப் பெரிய எழுத்தில் போட்டார்கள். வெட்டியெடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்கூடத்தில் மாட்டியிருந்தேன்.

இந்த நிலையில்தான் நிம்றா வந்து கொப்பிகளைக் கேட்டாள். அவளுக்குப் பதினொரு வயது.

"சனிக்கிழமை ஸ்கூல்ல கண்காட்சி, பெரியப்பா. பூமியின்ட காலநிலையை மாத்துறது இயற்கையா, மனிசரான்னு நான் விளக்கணும். பஹ்மிதா டீச்சர் சொன்னாங்க, எங்கட கொப்பி மாதிரி ஒண்டு வேறெங்கயும் கிடைக்காதாம்."

டீச்சர் விஷயம் தெரிந்தவர். நிம்றாவைக் கைகழுவிவரச் சொல்லிவிட்டு அறுபத்துநான்கு கொப்பிகளையும் கொடுத்தேன்.

ஒவ்வொரு வருடத்திலும் மார்ச் மாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். அவள் வாசிக்க, அண்ணன் அகீல் கணினியில் ஏற்றினான். அகீலுக்குப் பதினைந்து வயது, வயிற்றில் ஒரு விஷயமும் தங்காது. நான் பக்கத்தில் இல்லாதபோது நடந்ததையெல்லாம் அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நிம்றா பெரிய பிரிஸ்டல் போர்ட் அட்டையில் வருடவாரியாக வெப்பக் கோடு கீறி முடித்தாள்.

"1992ல கோடு கொஞ்சம் இறங்குது பாருங்க, நானா" என்றாள். "அதுக்கு முந்தின வருசம் பிலிப்பைன்ஸ்ல ஒரு எரிமலை வெடிச்சுதாம். அந்தத் தூசி உயரத்தில போய்ச் சூரியனை மறைச்சு, உலகம் முழுக்கக் கொஞ்சம் குளிர்ந்துச்சாம். இந்தா, 1998ல ஏறுது. பசிபிக் கடல்ல தண்ணி சூடாகினா எங்கட பக்கமும் வெக்கை கூடும். இதெல்லாம் இயற்கை."

"அப்ப மனிசர்ட வேலை?"

"அது மெல்ல மெல்ல ஏறுறது. வாகனப் புகை, நிலக்கரி, ஃபெக்டரி. எரிமலைத் தூசி ரெண்டு வருசத்தில போயிரும். இந்தப் புகை போகாது. அறுவது வருசத்தில ஒரு பாகைக்குக் கிட்ட ஏறியிருக்கு."

"இது என்ன?" அகீல் கோட்டின் கடைசியைக் காட்டினான். ஐந்து வருடத்துக்கு முன் கோடு படிக்கட்டுபோல் ஒரேயடியாக மேலே பாய்ந்திருந்தது.

"அதுதான் எனக்கும் விளங்கல்ல. நேத்துக் கணக்கைக் காட்டினேன், டீச்சரும் யோசிக்கிறாங்க. வானிலைக் கணக்கில இப்படி ஒண்டும் இல்லையாம்."

நிம்றா கடைசி ஐந்து கொப்பிகளையும் மறுபடி விரித்தாள். விரலை வைத்து ஒவ்வொரு நாளாக இறங்கினாள். சனி முப்பத்துமூன்று. ஞாயிறு முப்பத்துமூன்று. திங்கள் முப்பத்துநான்கு. வியாழன்வரை அப்படித்தான். வெள்ளி முப்பது. அடுத்த வாரமும் வெள்ளி முப்பது. அதற்கடுத்த வாரமும்.

"நானா! உலகம் வெள்ளிக்கிழமையில மட்டும் குளிருது!"

"சூரியன் வெள்ளிக்கிழமை லீவு எடுக்கிறதாக்கும்" என்றான் அகீல்.

நிம்றா சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை இந்த வீட்டில் எது மாறும் என்று யோசித்தாள். ஒன்றுதான் மாறும். மற்ற நாட்களில் நான் பகலுணவுக்குப் பிறகு என் அறையில் ஏசி போட்டுப் படுப்பேன். அஸர் தொழுதுவிட்டு, அறை குளிர்ந்தபடியே இருக்கட்டும் என்று ஏசியை நிறுத்தாமல் பல்கனிக்குப் போவேன். வெள்ளிக்கிழமை அப்படியல்ல. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு, என் தங்கை பைறோஸா வீட்டுக்குப் போவேன். அங்கே சாப்பிட்டு, நாலரைக்குத்தான் திரும்புவேன்.

அவள் பல்கனிக்கு ஓடினாள். வெள்ளை மரப்பெட்டிக்கு ஒரு முழம் கீழே, ஐந்து வருடத்துக்கு முன் பொருத்திய ஏசியின் வெளிப்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் கையை நீட்டினாள். அடுப்புக் காற்றுப்போலச் சுட்டது.

அந்தக் காற்று போகும் திசையில் றோஸியின் சமையலறை யன்னல் இருந்தது. அது இறுகப் பூட்டியிருந்தது. வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த றோஸியிடம் நிம்றா கேட்டாள்.

"றோஸி மாமி, ஒங்கட யன்னலை ஏன் எப்பவும் பூட்டியே வச்சிருக்கிறீங்க?"

"எப்பவும் இல்லைப் பிள்ளை. வெள்ளிக்கிழமை எண்டா திறக்கிறனான்."

"மத்த நாள்ல?"

றோஸி எங்கள் பல்கனியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "மத்த நாள்ல காத்து கொஞ்சம் சூடு. அந்த யன்னல்ல வச்ச கறிவேப்பிலைக் கண்டும் கருகிப் போச்சு. நீ ஒண்டும் பெரியப்பாட்டச் சொல்லிப்போடாதை. அவர் மரியாதையான மனிசன். என்ர அம்மா செத்தண்டைக்கு முதல் ஆளா வந்து நிண்டவர்."

நிம்றா திரும்பி வந்து கண்காட்சி அட்டையின் முன் உட்கார்ந்தாள்.

"விளங்கிட்டுது நானா. பாய்ஞ்சது வெள்ளவத்தை இல்ல. எங்கட பெட்டி."

அகீல் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த கடிதம் ஞாபகம் வர, சிரிப்பு நின்றது.

"பெரியப்பாக்குத் தெரிஞ்சா முடிஞ்சுது. பள்ளிவாசல்ல எல்லாருக்கும் சொல்லிட்டாரு. நீ பேசாம கடைசி அஞ்சு வருசத்தையும் வெட்டிரு. யாருக்குத் தெரியப்போகுது?"

"ஒரு நாளும் விடாம எழுதினாரு, நானா. வெட்டினா அந்த நாளெல்லாம் இல்லாமப் போயிரும்."

"அப்ப போய்ச் சொல்லு. அழகா ஒரு அதட்டு வாங்கிட்டு வா."

அன்றிரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஷஹீமா சொன்னார். கண்காட்சிப் பயம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வெப்பமானியோடு வந்தாள். பல்கனியின் மறுகோடியில், நிழலான கடற்கரைப் பக்கம் அதைத் தொங்கவிட்டாள்.

"பெரியப்பா, இதையும் நீங்களே பாத்துச் சொல்லுங்க. ஒங்களப்போல சரியாப் பாக்க எங்களுக்கு வராது."

அது உண்மை. நான் இரண்டையும் பார்த்தேன். எங்கள் பெட்டியில் முப்பத்துநான்கு. பள்ளி வெப்பமானியில் முப்பத்தொன்று.

"இது மட்டமான சாமான்" என்றேன்.

"அப்படித்தான் இருக்கும். நாளைக்கு ரெண்டையும் இடம் மாத்திப் பாப்பமா?"

வியாழக்கிழமை இடம் மாற்றினோம். மரப்பெட்டிக்குள் இருந்த மட்டமான சாமான் முப்பத்துநான்கு காட்டியது. நிழலில் தொங்கிய என் வாப்பாவின் வெப்பமானி முப்பத்தொன்று காட்டியது. நான் கொப்பியை மூடிவிட்டு உள்ளே போனேன். ஏசிக் குளிரில் படுத்தேன். நித்திரை வரவில்லை.

வெள்ளிக்கிழமை பைறோஸா எனக்குப் பிடித்த இனிப்பான வட்டிலப்பம் வைத்திருந்தாள். நான் தொடவில்லை. நாலரைக்குப் பல்கனிக்கு வந்தபோது, முதலில் சொன்ன அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். றோஸியின் யன்னல் திறந்திருந்தது.

மரப்பெட்டியில் முப்பது. நிழலில் முப்பது.

அகீல் வாயைத் திறந்தான். நிம்றா அவன் காலை மிதித்தாள். அதை நான் கண்டேன்.

நான் என் அறைக்குப் போய் ஏசியைப் போட்டேன். திரும்பி வந்து பெட்டியின் முன் நின்றேன்.

"பெரிய மச்சான், தேத்தண்ணி ஊத்தட்டா?" என்று ஷஹீமா மெல்லக் கேட்டார்.

"பிறகு."

வெளிப்பெட்டி உறுமத் தொடங்கியது. வெப்பமானி ஏறியது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. பத்தே நிமிடத்தில் முப்பத்துமூன்றும் தாண்டியது. எதிரே றோஸியின் யன்னல் திரைச்சீலை எங்கள் காற்றில் படபடத்தது. அவருடைய நெற்றி வேர்த்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தபடியால், மரியாதைக்காக அவர் யன்னலைப் பூட்டாமல் நின்றார்.

"றோஸி, இந்தச் சூட்டை எத்தனை காலமாகச் சகிக்கிறீர்கள்?"

"சூடு எண்டு சொல்ல ஏலாது, நானா..."

"எத்தனை காலம்?"

"அஞ்சு வருசம்" என்றார் றோஸி, திரைச்சீலையைக் கையில் பிடித்தபடி.

நான் உள்ளே போய் ஏசியை நிறுத்தினேன். வெளியே வந்தபோது நிம்றா கண்கலங்க நின்றாள்.

"உனக்கு எப்போது தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"நான் சொன்னா ஒங்களுக்கு வெக்கமா இருக்கும். நீங்களே பாத்தா, நீங்க கண்டுபிடிச்சதாப் போயிரும்."

எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அடுத்தவர் கண்டதைத் தன்னுடையது என்று சொன்னதில்லை. அதை அவளிடம் சொன்னேன். பிறகு, கண்காட்சி அட்டையைக் கொண்டுவரச் சொன்னேன்.

அவள் புதிதாக ஒரு கோடு கீறி வைத்திருந்தாள். எல்லா வருடத்திலும் வெள்ளிக்கிழமைகளை மட்டும் எடுத்துக் கீறிய நீலக் கோடு. எரிமலை வருடம் இறங்கியது, கடல் சூடான வருடம் ஏறியது, மொத்தத்தில் மெல்ல மெல்ல மேலே போனது. கடைசியில் பாய்ச்சல் இல்லை. வாப்பா எழுதியதும் நான் எழுதியதும் ஒரே கோட்டில் வந்து சேர்ந்திருந்தன.

"இதில ஒங்கட கடிதத்தைப் பத்தி ஒண்டும் இல்ல, பெரியப்பா" என்றாள். "யாரும் கேக்க மாட்டாங்க."

"மற்ற நாட்கள் எங்கே?"

"அது..."

"சிவப்பில் கீறு. பக்கத்தில் காரணத்தையும் எழுது. 'எங்கள் வீட்டு ஏசி' என்று தெளிவாக எழுது. எங்கள் கொப்பியில் இருப்பது எதையும் நாங்கள் மறைப்பதில்லை."

"சபாஷ் நானா!" என்றான் இப்திகார். அவனை நான் பார்த்த பார்வையில் தேத்தண்ணி கேட்டு உள்ளே போய்விட்டான்.

நிம்றா என் கையைப் பிடித்தாள். நான் இழுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை கண்காட்சியில் நீலக் கோட்டைவிடச் சிவப்புக் கோட்டின் முன்தான் பிள்ளைகள் கூடி நின்றார்கள். ஒரு சின்னப் பையன் நிம்றாவிடம் கேட்டான்:

"ஒரு ஏசி இவ்வளவு செய்யுமா?"

"ஒரு பல்கனிக்கு மட்டும்" என்றாள் நிம்றா. "ஆனா அதுக்குக் கரண்ட் எங்கேயிருந்து வருது? அங்க எரிக்கிற நிலக்கரிப் புகைதான் நீலக் கோட்டை ஏத்துது. அது எல்லார்ட பல்கனியிலயும்."

பையன் இரண்டு கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, "எங்கட வீட்டில மூணு ஏசி இருக்கு" என்று கவலையோடு சொன்னான்.

நான் பத்திரிகைக்கு இரண்டாவது கடிதமும் எழுதினேன். முதலாவதைப் பெரிய எழுத்தில் போட்டவர்கள் இரண்டாவதைப் போடவில்லை. எனவே அதைக் கையால் எழுதி அதே கண்ணாடிச் சட்டத்துக்குள், முதலாவதின் மேல் வைத்திருக்கிறேன். மரப்பெட்டியை நிழலான கடற்கரைப் பக்கத்துக்கு மாற்றிவிட்டோம். மாற்றிய திகதி கொப்பியில் சிவப்பு மையில் இருக்கிறது. றோஸியின் யன்னலில் புதிய கறிவேப்பிலைக் கன்று ஒன்று நிற்கிறது. அதை வாங்கிக் கொடுத்தது நிம்றா. சுமந்துபோனது நான்.

இப்போது பகலில் நான் முன்கூடத்தில், கடற்காற்றில் படுக்கிறேன். ரயில் போகும்போது கொஞ்சம் சத்தம். பழகிவிட்டது.

எங்கள் ஏசி பழுதாகிவிட்டது என்றும், திருத்த வசதி இல்லாமல் நாங்கள் சும்மா விட்டிருக்கிறோம் என்றும் மூலைக்கடை ரொஷான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது பொய். ஏசி நன்றாக வேலை செய்கிறது. நான் போடுவதில்லை.